ஒன்பதாம் நம்பர்க்காரி

ஆர்த்திகா அன்று பால் நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்து வாசலில் நின்றாள். பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. பிள்ளைக்காம்பராவுக்கு என்று ஒரு ஒழுங்கு உண்டு. தாய்மார் காலையில் பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போவார்கள். பால் நேரத்துக்கு இறங்கி வருவார்கள், அரைக்கதவுக்கு மேலாக நான் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பேன், பால் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். நினைத்த நேரத்துக்கெல்லாம் வந்து எட்டிப் பார்த்தால் தூங்குகிற பிள்ளைகள் எல்லாம் எழுந்துகொள்ளும். பிறகு யார் தட்டித் தூங்கவைப்பது? இந்தப் பவுலினாதான்.

"என்னாடி, கங்காணி வெரட்டி விட்டுட்டாரா?" என்றேன்.

செடியின் ஈரம் படாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். அந்தப் படங்குக்குள் எதையோ சுருட்டி வைத்திருந்தாள். அவளுடைய ஆறு மாதப் பிள்ளை சஜீவனி தூங்கிக்கொண்டிருந்த பாயில், பிள்ளைக்குப் பக்கத்திலேயே, அதை இறக்கி வைத்தாள்.

"தண்ணி ஓடுற கானுக்குள்ள நனஞ்சுகிட்டு கெடந்துச்சு ஆயம்மா. ஒரே கத்து. பக்கத்துல யாருமே இல்ல."

முதலில் பூனைக்குட்டி என்றுதான் நினைத்தேன். ஆனால் பூனைக்குட்டிக்கு அவ்வளவு பெரிய பாதம் ஏது? சாம்பலும் மஞ்சளுமாக ஒரு நிறம், உடம்பெல்லாம் கருப்புப் புள்ளி. அது வாயைத் திறந்து என்னைப் பார்த்து ஒரு கத்துக் கத்தியது.

"அடிப்பாவி! இது புலிக்குட்டிடி!"

"தெரியும் ஆயம்மா," என்றாள்.

தெரியுமாம்! அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் தோட்டத்தில் செடிக்கடியில் ஒரு பிள்ளை தனியாகக் கிடந்து அழுதால் எவளும் பார்த்துக்கொண்டு போக மாட்டாள். யார் பிள்ளை, என்ன ஏது என்ற விசாரணை எல்லாம் பிறகுதான். முதலில் தூக்கு, பிள்ளைக்காம்பராவில் கொண்டுபோய்ப் போடு, பெற்றவள் வந்து வாங்கிக்கொள்வாள். எங்கள் பெண்களின் கை அப்படிப் பழகிவிட்டது. ஆர்த்திகாவின் கையும் யோசிக்காமல் தூக்கிவிட்டது. இந்தப் பிள்ளையைப் பெற்றவளும் வாங்க வருவாளே என்பதுதான் அவளுக்கு உறைக்கவில்லை.

பெற்றவள் யார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் அவளுக்கு ஒன்பதாம் நம்பர்க்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நம்பர் மலை முன்பு நல்ல தேயிலை நின்ற மலை. ஆட்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகப் போக, கொழுந்தெடுக்கக் கையில்லாமல் தோட்டம் அதைக் கைவிட்டது. தேயிலை மரமாக வளர்ந்தது, மானாப்புல் மூடியது, பன்றி வந்து குடியேறியது. பன்றிக்குப் பின்னால் அவள் வந்தாள். எங்கள் அப்பா காலத்தில் இந்தப் பக்கம் புலி கிடையாது. வெள்ளைக்காரத் தொரைமார் காட்டை அழித்துத் தேயிலை போட்டார்கள், மிச்சம் இருந்த புலியைச் சுட்டுத் தோலைப் பங்களாவில் விரித்துப் போட்டார்கள். அதற்கும் தப்பியவை, எங்கள் பாட்டன்மார் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டிச் செத்தன. நாங்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. படத்தில் மட்டும் புலியைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, மனிதன் விட்டுப்போன மலையில் அது திரும்பி வந்து நின்றது பெரிய அதிசயமாகப் போய்விட்டது.

"அவளும் நம்மள மாதிரிதான். புள்ளைங்கள செடிக்கடியில போட்டுட்டு வேலைக்குப் போறா. சம்பளத்துக்குப் பேர் போடத்தான் ஆளில்ல," என்று பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிள்ளைக்காம்பரா ஒன்பதாம் நம்பருக்கு நேர் கீழே இருக்கிறது. உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கு நான்தானே பொறுப்பு? எனக்கு அவள் பேச்சை எடுத்தாலே பிடிக்காது.

அந்த மாதம் எனக்கு எதுதான் பிடித்தது! மழையில், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு மேலே நிலம் பிளந்து, வெடிப்புக்குள் கையை முழங்கை வரைக்கும் விடலாம் என்றாகிவிட்டது. மண்சரிவு பார்க்கிற ஆட்கள் வந்தார்கள், சிவப்புப் பலகை அடித்தார்கள், யாரும் இங்கே இருக்கக் கூடாது என்று எங்களை வெளியேற்றினார்கள். மீரியபெத்தவில் மலை இறங்கி லயத்தை மூடியதை மறந்தவர்கள் இந்தப் பக்கம் யாரும் இல்லை. பகலில் பிள்ளைகள் இருக்கிற இந்தக் கட்டடத்தில்தான் இரவில் நாங்கள் எல்லாரும் படுத்தோம். பானை சட்டி, துணிமூட்டை, தையல் மெஷின், மாதா படம், எல்லாம் சுவரோரம் குவிந்து கிடந்தன. உட்கார இடமில்லாமல் நான் நாள் முழுக்க நடந்துகொண்டே இருந்தேன். உட்கார்ந்தாலும் காது மட்டும் மேலே மண்ணின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு வீடு கட்ட ஒன்பதாம் நம்பர் மலையைத் தருவதாகப் பேச்சு முடிந்திருந்தது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம். அன்று காலையில்தான் புல்வெட்டும் மெஷின்களோடு ஆட்கள் அங்கே ஏறியிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து அவள் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி இடம் மாற்றியிருக்க வேண்டும். ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு மற்றதை எடுக்க வருவதற்குள் எங்கள் மகராசி தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் போனைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் இன்னொரு கூத்து நடந்துவிட்டது. ஆர்த்திகா அடுப்பில் இருந்த சுடுதண்ணீரில் துணியை நனைத்துக் குட்டியைத் துடைத்துவிட்டாள். பிள்ளைகளுக்குப் போடுகிற பவுடரைப் போட்டுவிட்டாள். மை டப்பாவைத் திறந்து கன்னத்தில் ஒரு பொட்டும் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி செய்யிற நீ?"

"கண்ணு பட்டுரும்ல ஆயம்மா."

உடம்பெல்லாம் பொட்டாக இருக்கிற பிள்ளைக்கு இவள் ஒரு பொட்டு வைக்கிறாள்! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வனஜீவராசிகள் திணைக்களத்திலிருந்து இரகுநாதன் என்று ஒரு மிருக வைத்தியர் முன்பு ஒரு தடவை வந்து எங்களுக்குக் கூட்டம் வைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். நாங்கள் புலி என்றால் சிறுத்தை என்று திருத்துவார். அவருடைய நம்பரை நான் தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் சுவரில் எழுதி வைத்திருந்தேன். போட்டேன். எடுத்தார்.

"அம்மா, பதற வேண்டாம். குட்டிக்குக் காயம் ஏதும் இருக்கோ?"

"காயமில்ல சார். கத்துது."

"அப்ப ஒண்டும் குடுக்க வேண்டாம். கழுவவும் வேண்டாம். எடுத்த இடத்திலயே கொண்டுபோய் வைச்சிட்டு எல்லாரும் தள்ளி நில்லுங்கோ. தாய் தேடி வரும். கெதியா செய்யுங்கோ."

"தொடச்சிட்டாங்க சார்."

"சோப் போட்டனீங்களோ?"

"பவுடர் சார்."

"பவுடரோ!" என்றார். பிறகு, "சரி, பரவாயில்லை. தன்ர குட்டியின்ர குரல் தாய்க்குத் தெரியும். இப்பவே கொண்டுபோங்கோ. நான் வாறன். ஆனா ஹாலிஎலக்கு இங்கால ரோட்டில மண் விழுந்து கிடக்கு, சுணங்கும்," என்றார்.

பொட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

குட்டியைத் தூக்கி ஒரு கூடையில் வைத்தேன். ஆர்த்திகாவிடம் எந்தக் கான், எந்த இடம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் புருஷன் யாகோப்பு வந்துவிட்டார். அவர்தான் தோட்டத்துச் சங்கத் தலைவர். அந்த மலையை எங்களுக்கு வாங்கித்தர அவர் ஏறாத ஆபீஸ் இல்லை. மலையில் வேலை நடக்கிற சந்தோஷத்தில் தேத்தண்ணி குடிக்க இறங்கி வந்தவர், கூடையைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். முகம் கருத்துவிட்டது.

"யாருக்குப் போன் போட்ட?"

"அந்த டாக்டர் சாருக்கு."

"ஒனக்கு அறிவிருக்கா பவுலினா? அவங்க வந்து பாத்தா என்னா சொல்வாங்க? குட்டி போட்ட எடம், ஒருத்தரும் கை வைக்கக் கூடாதும்பாங்க. மெஷின எறக்கிட்டு வாங்கடான்னுருவாங்க. அப்பறம் நாம எங்க போறது?"

"அதுக்கு இப்ப இத என்னா பண்றது?"

"வெலிமட போற லொறி கீழ நிக்கிது. ஒரு சாக்குல போட்டு ஏத்தி விட்ருவோம். போற வழியில எங்கயாச்சும் காட்டுல எறக்கிருவாங்க. தாய் ரெண்டு நாளு தேடும், அப்பறம் தானா போயிரும்."

"பால் குடிக்கிற புள்ள இது!"

"புலிப்புள்ளடி அது!"

"புலிப்புள்ளைக்கி மட்டும் பசிக்காதா? அவ எங்க வந்து தேடுவா? ஒங்க சாக்குலயா தேடுவா? நேரா இங்கதான் வருவா. இந்தப் புள்ளைங்க இருக்கிற எடத்துக்கு வருவா. அதுக்கு என்னா சொல்றீங்க?"

கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. சுவரோரம் கிடந்த மூட்டைகளைக் காட்டினார். "நீ நேத்து தூங்கினியா? நானும் தூங்கல. இன்னும் எத்தன நாளைக்கு இப்பிடி ஒருத்தர் கால் மேல ஒருத்தர் படுத்துகிட்டு, மண்ணு எறங்குதான்னு காத வச்சுகிட்டு கெடக்கறது? இந்த மலையும் போச்சுன்னா நமக்கு வேற எடம் கெடையாது." அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஈர மரத்தை வாளால் அறுப்பது போல, இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் இழுத்து. கூடைக்குள் இருந்த குட்டி தலையைத் தூக்கிப் பதிலுக்குக் கத்தியது.

வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் எப்படி அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யாகோப்பு முன்கதவைச் சாத்தித் தையல் மெஷினை முட்டுக்கொடுத்தார். பிள்ளைக்காம்பராவின் ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, கோழிக்கூட்டு வலைதான். வலைக்கு அப்பால் வெள்ளை வெளேர் என்று பனிமூட்டம். மலையில் மெஷின்களும் நின்றுபோயிருந்தன. மூட்டத்துக்குள் எங்கிருந்து வருகிறாள் என்றே தெரியவில்லை. நான் இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்குமாக ஓடினேன். பிள்ளைகளை எண்ணினேன், பாதியில் விட்டுவிட்டேன், மறுபடியும் எண்ணினேன்.

பிள்ளைத் துணி காய்கிற கொடிக்கு அடியில் அவள் வந்து நின்றாள்.

மாதாவே! அவ்வளவு கிட்டத்தில் நான் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரிய உருவம் என்று நினைத்திருந்தேன். இல்லை, மெலிந்துபோய் விலா எலும்பு தெரிந்தது. அடிவயிறு கனத்துத் தொங்கியது. பால் கட்டிப்போய் வலியோடு மலையிலிருந்து இறங்கி வருகிற தாய்மாரை நான் தினமும் பார்க்கிறவள். அவளும் அப்படித்தான் நடந்தாள். தொங்கிக்கொண்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். உள்ளே சஜீவனி விழித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். வெளியே நின்றவளுடைய காது இரண்டும் எங்கள் ஜன்னலுக்குத் திரும்பின. குட்டி கத்தியது, மறுபடியும் காது திரும்பியது. எது தன் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதை நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆர்த்திகா பிள்ளையை மார்போடு சேர்த்துப் பால் கொடுத்தாள். பிள்ளையின் அழுகை அடங்கியது. குட்டியின் கத்தல்தான் அடங்கவில்லை.

யாகோப்பு மூட்டைகளைக் கலைத்து, கோயில் திருநாளுக்கு வாங்கி வைத்திருந்த வெடிக்கட்டை எடுத்தார். தீப்பெட்டியைத் தேடினார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"விடு. ரெண்டு வெடி போட்டா ஓடிருவா."

"ஓடிருவா. அப்பறம் ராத்திரிக்கி வருவா. நாம எல்லாரும் எங்க படுக்கிறோம்? இங்கதான். இந்த வலைக்கிப் பின்னாலதான். புள்ளைய பறிகுடுத்தவ சும்மா போவாளா?"

அவர் கை அப்படியே நின்றது. வெடிக்கட்டைக் கீழே வைத்தார். "அப்ப என்னாதான் செய்யச் சொல்ற?"

"குடுத்துருவோம். பெத்தவ வந்துட்டா, புள்ளைய குடுக்கணும். தெனமும் நான் செய்யிற வேலதானே இது?"

அவர் கூடையைத் தன் பக்கம் இழுத்தார். "நான் போறேன். நீ இரு."

"ஒங்க மூஞ்சியப் பாத்தா பெத்த புள்ளையும் வேணாம்னு ஓடிருவா. கதவ மட்டும் புடிங்க," என்றேன். அந்த நேரத்திலும் ஆர்த்திகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சமையல் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். யாகோப்பு மண்வெட்டியோடு கதவில் நின்றார். துணி துவைக்கிற கல் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது, தினமும் போய்வருகிற இடம், அன்றைக்கு நடக்க நடக்க வரவே இல்லை. அவள் கொடிக்கு அடியில் பதுங்கிவிட்டாள். உறுமவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்தா வர்றேன், இந்தா வர்றேன், அவசரப்படாத," என்று நான் அவளிடம் பேசிக்கொண்டே போனேன். அவசரப்படுகிற எல்லாத் தாய்மாரிடமும் நான் சொல்கிற பேச்சுத்தான்.

குட்டியைத் தூக்கிக் கல்லில் வைக்கப் பார்த்தால் அது என் ரவிக்கையை நகத்தால் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒவ்வொரு நகமாக எடுத்துவிட்டேன். கன்னத்தில் அந்தப் பொட்டு. இதோடு அனுப்பினால் என்ன நினைப்பாள் என்று முந்தானையால் துடைத்தேன். அழியவில்லை, இன்னும் ஈஷிக்கொண்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்துவிட்டு, திரும்பாமல் பின்னாலேயே கால் வைத்துக் கால் வைத்து வந்தேன். கதவுக்குள் விழுந்ததும் யாகோப்பு என்னைப் பிடித்துக்கொண்டார்.

அவள் உடனே வரவில்லை. கல்லைச் சுற்றி ஒரு வட்டம் போனாள். கிட்ட வந்து முகர்ந்தாள். பின்வாங்கினாள். மறுபடியும் முகர்ந்தாள். வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போய்விடுவாளோ? போய்விட்டால் அந்தப் பச்சை மண்ணை என்ன செய்வது? அவள் தலையைத் தூக்கி ஒரு தும்மல் போட்டாள். நல்ல பலமான தும்மல், மனிதர் தும்முவது போலவே. பிறகு பெரிய நாக்கை நீட்டிக் குட்டியின் முகத்தை நக்கு நக்கென்று நக்கினாள். பவுடரும் போயிற்று, பொட்டும் போயிற்று.

"வாங்கிக்கிட்டா! ஆயம்மா, வாங்கிக்கிட்டா!" என்று ஆர்த்திகா அழுதாள். நானும் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்? அவளைப் பிடிக்காது, பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்த நான்தான் அங்கே எல்லாரையும் விட அதிகம் அழுதேன்.

குட்டியின் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பினாள். ஒன்பதாம் நம்பருக்குத்தான் ஏறுவாள் என்று பார்த்தோம். அந்த நேரம் பார்த்து மேலே மெஷின் ஒன்று மறுபடியும் உறுமியது. அவள் நின்றாள். மேலே பார்த்தாள். பிறகு திரும்பி, எங்கள் லயத்துக்குப் போகிற பாதையில் இறங்கி மூட்டத்துக்குள் போய்விட்டாள்.

டாக்டர் வந்து சேரும்போது பின்னேரம். மூட்டம் கலைந்திருந்தது. மண் விழுந்த இடத்தில் வாகனத்தை விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார், கால் சப்பாத்தெல்லாம் சேறு. பாதை திரும்புகிற இடத்தில் நின்று தூரக்கண்ணாடி வைத்து லயத்தைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் நின்றோம். நெடுநேரம் பார்த்துவிட்டு யாகோப்பிடம் கண்ணாடியைக் கொடுத்தார். யாகோப்பு பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

கடைசிக் காம்பரா. எங்களுடையது. புது வீட்டுக்கு ஆகும் என்று யாகோப்பு கதவைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டதால் வாசல் திறந்து கிடந்தது. உள்ளே, நான் அடுப்பு வைத்திருந்த மூலையில், அவள் படுத்திருந்தாள். இரண்டு குட்டியும் பால் குடித்துக்கொண்டிருந்தன. மற்றதையும் ஏற்கனவே அங்கேதான் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

"நல்லதாப் போச்சு," என்றார் டாக்டர். "ஆக்கள் இல்லாத இடம் பாத்துத்தான் வந்திருக்கிறா. ஒன்பதாம் நம்பரில இப்ப குட்டியள் இல்லைதானே. நீங்கள் அங்க வேலையைச் செய்யிறதுக்கு எங்கட பக்கத்தால ஒரு தடையும் வராது. இந்த லயத்துப் பக்கம் மட்டும் ஒருத்தரும் போகாதேங்கோ."

யாகோப்பு சிலுவை போட்டுக்கொண்டார். பின்னால் யாரோ கைதட்டினார்கள். ஆர்த்திகா சஜீவனியைத் தூக்கிக் கொஞ்சினாள். வீடு கிடைத்துவிட்டது, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, புலிக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாருக்கும் நிம்மதி. எனக்குத்தான் கண் லயத்துப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

"சார், அந்தப் பலகைய பாத்தீங்களா?" என்றேன். லயத்து முனையில் சிவப்பாக நின்றது. அதற்கு மேலே வெடித்த நிலம், அதற்கும் மேலே மழையைச் சுமந்துகொண்டு வானம்.

"பாத்தனான் அம்மா."

"மண்ணு எறங்கினா அந்த மூலையிலதான் மொதல்ல எறங்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "விளங்குது. ஆனா குட்டியளை இனித் தொட ஏலாது. ஒருக்காத் தொட்டதே காணும். அவவா மாத்தினாத்தான் உண்டு."

"எப்ப மாத்துவா? மழைக்கி முன்னயா, பின்னயா?"

பாவம், அவர் இருட்டுவதற்குள் மண் விழுந்த இடத்தைக் கடக்க வேண்டும் என்று கிளம்பிப் போனார். எங்கள் ஆட்கள் வீடு எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்று பேசிக்கொண்டே பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பினார்கள். நானும் வந்தேன். அரிசியைக் கழுவினேன். உலையை வைத்தேன். அடுப்புக்கு முன்னால் நிற்க முடியவில்லை. அவள் இருந்த மலையை நாங்கள் வாங்கிக்கொண்டோம். யாரும் இருக்கக் கூடாது என்று எங்களுக்குப் பலகை அடித்த வீட்டை அவள் தலையில் கட்டிவிட்டோம். இதை நிம்மதி என்று எப்படிச் சொல்வது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் அவள் மேலும்தான். தோட்டத்தில் இவ்வளவு இடம் கிடக்க, இவளுக்கு வேறு இடமா இல்லை?

முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. நான் மூட்டைக்குள்ளிருந்து பெரிய தாம்பாளத்தையும் அகப்பையையும் இழுத்து எடுத்துக்கொண்டு பாதைக்கு ஓடினேன். திருப்பத்தில் நின்று, என் பலம் எல்லாம் சேர்த்து அடித்தேன்.

"எந்திரிடி! எந்திரிச்சுப் போடி! புள்ளைங்கள தூக்கிகிட்டுப் போயிரு! அங்க இருக்காத!"

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். காதை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் இன்னும் அடித்தேன், தொண்டை கிழியக் கத்தினேன். அவள் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, அந்த வாசற்படியிலேயே குறுக்கே படுத்துக்கொண்டாள். நிலம் வெடித்த இரவு எங்களை எழுப்பக் கிராம சேவகர் ஒலிபெருக்கியோடு வந்து கத்தியபோது, பிள்ளை தூங்குகிறது, விடியட்டும் பார்க்கலாம் என்று நாங்களும் அதே வாசலில் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

தூறல் வலுத்துவிட்டது. பின்னால் யாகோப்பு படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "ஒனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? மழ வருது, வாடி!"

"அதத்தான் நானும் அவகிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றேன்.